ஏழாம் நம்பர் வீட்டுக்காரர்கள்

என் வீட்டில் நூற்றுப் பதினான்கு பேர் குடியிருந்தார்கள். இதை நான் சொல்லவில்லை, அரசாங்கத் தாள்கள் சொல்லின. வாக்காளர் பட்டியலில் மட்டும் எழுபத்தொன்பது பேர், மீதி ஓட்டு வயது வராத பிள்ளைகள். வீடு என்று பார்த்தால் முன்னால் என் ஹார்டுவேர் கடை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, மாடியில் ஷீட் போட்ட ஒரே ஒரு அறை. நானும் என் மனைவி பஷீராவும் மகன் அசாரும் மருமகள் கைனாத்தும் இருப்பதற்கே அது பற்றாது. ஆனால் தேர்தல் வந்துவிட்டால் எல்லாக் கட்சிக்காரனும் முதல் கும்பிடு எனக்குத்தான் போடுவான். ஒருத்தன் சால்வையே போர்த்திவிட்டுப் போனான். ஒரே வீட்டில் எழுபத்தொன்பது ஓட்டு என்றால் சும்மாவா? ஆணியும் பெயிண்டும் விற்கிற ஹனீஃபாவை ஏதோ பெரிய தலைவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மலையைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. அனகாபுத்தூரிலிருந்து பம்மல் போகிற வழியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. ஜனங்கள் அதை வேட்டுமலை என்பார்கள். ஒரு காலத்தில் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாறைக்கு வேட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் நடுங்கி அடங்கும். பாதி மலையைத் தின்று முடித்த பிறகு தொண்ணூற்றேழில் குவாரியை மூடினார்கள். முதலாளிகள் லாரிகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கல் உடைத்த ஜனங்கள் போக இடமில்லாமல் சரிவிலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள்.

மலையைச் சுற்றி நாலு ஊர். ஒரு ஊர் அதன் அடிவாரத்தில் குப்பை கொட்டுகிறது. இன்னொரு ஊருக்கு உச்சியில் இருக்கும் முருகன் மேல் கிருத்திகை அன்று மட்டும் உரிமை வந்துவிடும். மூன்றாவது ஊர், குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை லாரியில் அள்ளி விற்கிறது. எங்கள் பக்கம் வந்தது சரிவும் அதில் இருந்த மனிதர்களும். குப்பையிலிருந்து சாமி வரைக்கும் மலையில் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரன் உண்டு, அந்த ஜனங்களைத் தவிர. அவர்கள் இருந்தது புறம்போக்கு. விலாசம் என்ற இடத்தில் ‘மலைச் சரிவு’ என்று எழுதிக் கொண்டுபோனால் ரேஷன் ஆபீசில் படிவத்தைத் திருப்பி எறிவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள், கேஸ் கொடுக்க மாட்டார்கள், பாங்கில் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது ரத்தினபாய். அவள் புருஷன் சுந்தர்சிங் நாகர்கோவில் பக்கத்திலிருந்து குவாரிக்கு வந்தவர். பாறையில் துளை போட்டு வெடிமருந்து கெட்டிக்கிற வேலை. கூரைக்கு ஷீட்டும் போல்ட்டும் வாங்க என் கடைக்கு வந்துதான் எனக்குப் பழக்கம். தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் ரேஷன் ஆபீசிலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்து, ரத்தினபாய் என் கடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். வாடிக்கையாளர்கள் வருகிற நேரம், எனக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளேயிருந்து பஷீராதான் சத்தம் போட்டாள்.

“நம்ம அட்ரஸைப் போட்டுக்கச் சொல்லுங்களேன். வெறும் எழுத்துதானே, அது வந்து நம்ம எடத்தையா அடைச்சிக்கப் போகுது?”

அப்படி எழுதியதுதான்: ஏழாம் நம்பர், பள்ளிவாசல் இரண்டாவது சந்து. அவளுக்கு ரேஷன் கார்டு வந்தது. பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அதற்குப் பிறகு அது சரிவின் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. யார் புதிதாகக் குடிசை போட்டாலும், கூரை ஏறிய மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழமும் அரைக் கிலோ சர்க்கரையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவார்கள். பஷீரா சர்க்கரையை வாங்கிக்கொள்வாள், அவர்கள் ஏழாம் நம்பரை வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் இருபத்தொன்பது குடும்பம். தபால்காரர் ஜெயவேலு எங்கள் வீட்டுக்குக் கடுதாசியைக் கட்டாகத்தான் தூக்கிப் போடுவார். ஆதார், ஓட்டர் கார்டு, பாங்க் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஏழாம் நம்பர். ரத்தினபாய் போகிற கிறிஸ்தவ சபையின் பதிவுப் புத்தகத்தில்கூட ஏழாம் நம்பர்தான்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காலணா செலவில்லாமல் நல்லவன் என்ற பெயர் வந்தால் கசக்குமா?

ரத்தினபாய்க்குப் பிள்ளை இல்லை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். சுந்தர்சிங்கின் நெஞ்சுக்குள் கல்தூசி போய் உட்கார்ந்துவிட்டது. ஐம்பது வயதுக்குள்ளேயே நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். சரிவிலிருந்து தெருவுக்கு நூற்றைம்பது படிக்குக் குறையாது, அதுவும் ஆளுக்கொரு உயரத்தில் பாறையில் வெட்டினது. கடைசி ஆறு வருஷம் அவர் கீழே இறங்கியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு மட்டும். அதுவும் நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தால்தான்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை. அடையாறு எங்கள் சந்துக்குள் நுழைந்து கடையில் இடுப்பளவு நின்றது. மேலேயிருந்து ரத்தினபாய் இறங்கி வந்து, பஷீராவின் கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டிப் போனாள். மூன்று நாள் அவர்கள் வீட்டில் இருந்தோம். சுந்தர்சிங் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். தொழுகை நேரத்தில் சுவரிலிருந்த இயேசு படத்தைப் பார்த்து நான் தயங்கியதைக் கவனித்த ரத்தினபாய், ஒரு மூலையைத் துடைத்து, நடுவில் தன் புடவையைத் திரையாகக் கட்டிவிட்டாள். அந்தப் புடவை காயாத ஈரத்தோடு இருந்தது. அவளிடம் இருந்தது அன்றைக்கு இரண்டே புடவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இருபத்துமூன்று டிசம்பர் புயல் மழையில் சரிவின் மேற்பக்கத்திலிருந்து ஒரு பாறை கழன்று உருண்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, ஜீவரத்தினம் என்ற கிழவரின் இரண்டு ஆடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு அதிகாரிகள் விடவில்லை. சரிவு ஆபத்தான இடம், காலி செய்யவேண்டும், நெடுநாளாகக் குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊருக்குத் தள்ளி அடுக்குமாடிக் கட்டடம். வீட்டில் நோயாளி இருந்தால் தரைத்தளம் கொடுப்பார்களாம். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் ரத்தினபாய் ஓட்டமாக என் கடைக்கு வந்தாள்.

“அண்ணா, தரைத்தளமாம். வாசல்லயே ஆட்டோ வந்து நிக்குமாம். இவரு நாற்காலியப் போட்டு வெளிய உக்காந்து நாலு மனுஷங்களைப் பாக்கலாம்ணா. ஆறு வருஷமா என் மூஞ்சியையும் ஏரோப்ளேனோட வயித்தையும்தான் பாத்துக்கிட்டிருக்காரு.”

மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஒவ்வொன்றும் அவர்கள் கூரையை உரசுவது மாதிரிதான் போகும். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு நான் கண்டது அது ஒன்றுதான்.

மறுவருஷக் கடைசியில் கணக்கெடுக்க வந்தவர் பெயர் ஸ்ரீநிவாசன். ஐம்பது வயதுக்காரர், நிதானமான மனிதர், யாரையும் ஒருமையில் பேசவில்லை. அவர் வந்து அரை மணி நேரத்தில் ஜீவரத்தினம் மூச்சிரைக்க என் கடைக்கு இறங்கி வந்தார்.

“பாய், கொஞ்சம் மேல வா. அந்தாளு இன்னான்னா, நாங்க யாருமே மலைல இல்லன்றாரு. எல்லாம் உன் வூட்லதான் கீறோமாம். நீ வந்து சொன்னாத்தான் ஆவும்.”

ஏறிப் போனேன். ஸ்ரீநிவாசன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஆதார் நகல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏழாம் நம்பர் உங்க வீடா சார்? இருபத்தொம்பது ஃபேமிலி உங்க வீட்ல இருக்கறதா டாக்குமெண்ட் சொல்லுது. சொந்தமா, வாடகையா, ஏதோ ஒரு வீட்ல இருக்கறவங்களுக்கு நான் எப்படி மாற்று வீடு எழுதறது?”

“சார், என் வீட்டை வந்து பாருங்க. இவ்ளோ பேர் அங்க நிக்கக்கூட முடியாது.”

“எனக்குக் கண்ணு தெரியுது சார். ஃபைலுக்குத் தெரியாதே.”

சுற்றி நின்றவர்கள் தங்கள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கால் நூற்றாண்டாக மலையில் வாழ்ந்திருக்கிறார்கள். அதை ஒரு தாளில்கூட எழுதிவிடாமல் அவர்களே பார்த்துப் பார்த்துத் தவிர்த்திருக்கிறார்கள். கூடவே நானும். வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா?

வழி பிறந்தது சுகாதார நர்ஸ் கீதாவால். சொட்டு மருந்தும் தடுப்பூசியும் போட அந்தப் படியெல்லாம் ஏறி வந்த ஒரே அரசாங்க ஆள் அவள்தான். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் அவள், தான் போன இடத்தைத்தான் எழுதியிருந்தாள்: ‘வேட்டுமலைச் சரிவு’. தேதியும் கையெழுத்தும் இருந்தன. தாய்மார்கள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து அட்டைகளைத் தேடி எடுத்தார்கள். ஸ்ரீநிவாசன் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஜீவரத்தினத்துக்குப் பேரப்பிள்ளையின் அட்டை இருந்தது. இருபத்தெட்டுக் குடும்பம் கரையேறியது. பிள்ளை இல்லாத வீட்டில் ஏது அட்டை?

ரத்தினபாய் வெறுங்கையோடு நின்றாள். ஸ்ரீநிவாசனுக்கே சங்கடமாகப் போய்விட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நீங்க மனசு வெச்சா முடிஞ்சிடும் சார். ஹவுஸ் ஓனர் நீங்க. ‘இவங்க என் வீட்டில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை, விலாசம் மட்டும் நான் கொடுத்தேன், ஆரம்பத்திலேர்ந்து மலையில்தான் இருக்காங்க’ன்னு நோட்டரி கையெழுத்தோட ஒரு லெட்டர் குடுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“குடுத்துடறேன் சார். இது என்ன பெரிய விஷயம்” என்றேன். ரத்தினபாய் தூரத்திலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினேன். அவள் திரும்பி வீட்டுக்குள் ஓடினாள், சுந்தர்சிங்கிடம் சொல்லத்தான் ஓடியிருப்பாள்.

மதியச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். அசார் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

“அத்தா, என்ன எழுதித் தரப்போறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? பொய் அட்ரஸ் குடுத்தேன்னு நீங்களே ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதித் தர்றீங்க. ஒருத்தருக்கா, நூத்துச் சொச்சம் பேருக்கு.”

“லெட்டர் ஒருத்தங்களுக்குத்தானே?”

“பிடிச்சு இழுத்தா எல்லாம் வரும். என் பாஸ்போர்ட்டுக்கு இந்த மாசம்தான் போலீஸ் வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்கு. நம்ம பேரு என்னன்னு ஞாபகம் இருக்கில்ல? வேற ஆளு எழுதிக் குடுத்தா பரிதாபம்பாங்க. ஹனீஃபான்னு ஒருத்தன் எழுதிக் குடுத்தா, எவன் எவனுக்கெல்லாம் குடுத்தேன்னு கேப்பாங்க.”

பஷீரா என் பக்கம்தான் பேசினாள். “அவங்க நம்மளைத் தண்ணிலேர்ந்து தூக்கினவங்கடா” என்றாள். ஆனால் அவன் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. பொய் சொன்னால் பயம் வரும் என்பார்கள். எனக்கு இத்தனை வருஷம் பொய்யில் வராத பயம், உண்மையை எழுதப் போகும்போது வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடையில் வேலை என்று சொல்லிக்கொண்டு கழித்தேன். ரத்தினபாய் தினமும் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். கேட்க மாட்டாள். “நாளைக்கு ரத்தினம்மா” என்பேன். “சரிண்ணா” என்று படியேறிவிடுவாள்.

வியாழக்கிழமை காலையில் அசாரே என்னைப் பத்திர எழுத்தர் சிட்டிபாபுவிடம் கூட்டிப் போனான். சிட்டிபாபு எந்தச் சிக்கலுக்கும் ஒரு வாசகம் வைத்திருப்பவன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காதைக் குடைந்துகொண்டே சொன்னான்.

“இதுக்கா பாய் பேஜார் ஆவுற? பொய் அட்ரஸுன்னு எதுக்கு எழுதணும்? வாடகைக்கு இருந்தாங்க, அப்பால காலி பண்ணிக்கினு மேல போய்ட்டாங்க, அட்ரஸ மாத்தாம வுட்டாங்கன்னு போடு. ஆருக்கு இன்னா தப்பு? அவங்க மலைலதான் கீறாங்கன்னு வந்துடுச்சுல்ல, அவ்ளோதான் அந்த ஆபீசருக்கு வேணும்.”

“எந்த வருஷம் மேல போனாங்கன்னு போடறது?”

“ரேஷன் ஸ்மார்ட் கார்டு பதினேழுல இந்த அட்ரஸுக்கு வந்துகீது. அதுக்கு முன்னாடி போனாங்கன்னு போட்டா, அப்புறம் எப்டி கார்டு வந்துச்சுன்னு கேப்பான். பதினெட்டுன்னு போட்டுக்கோ.”

எனக்கு அந்த வாசகம் பிடித்துப்போயிற்று. அதில் நான் குற்றவாளி இல்லை, நல்ல வீட்டுக்காரன். ஸ்ரீநிவாசன் சொன்னது வேறு வாசகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு போன் போட்டு, ‘இப்படி எழுதலாமா சார்?’ என்று கேட்டிருக்கலாம். கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை. நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் ரத்தினபாய் வந்ததும் கவரைக் கொடுத்தேன். அவள் நிதானமாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். கடை வாசலிலேயே நின்று படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“பதினெட்டாண்ணா? பதினெட்டுலதான் நாங்க மேல போனோமா?”

“அது சும்மா ஒரு வருஷம் ரத்தினம்மா. வக்கீல் பாஷை.”

“வெள்ளம் வந்தது பதினஞ்சுலண்ணா.”

வெள்ளத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தாளை அங்கேயே கிழித்திருப்பேனோ என்னவோ. நான் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே, “ஆபீசருக்கு ஒரு லெட்டர் வேணும், அவ்ளோதான். தைரியமா கொண்டு போய்க் குடும்மா” என்றேன். வேறு லெட்டர் அவளுக்கு யார் கொடுப்பார்கள்? மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “ரொம்ப நன்றிண்ணா” என்று வேறு சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்து எங்கள் தெரு முனையில் பட்டியல் ஒட்டினார்கள். இருபத்தெட்டுப் பெயர் இருந்தது. கீழே தனியாக ஒரு பெயர்: ‘சுந்தர்சிங், மனைவி ரத்தினபாய், நிராகரிக்கப்பட்டது. காரணம்: 2018 வரை வாடகை வீட்டில் வசித்து, பின்னர் ஆக்கிரமித்தவர்.’ இரண்டாயிரத்துப் பதினாறுக்கு முன்பிருந்து சரிவில் இருப்பவர்களுக்குத்தான் வீடு என்று பட்டியலின் தலைப்பிலேயே போட்டிருந்தது. நான் அந்தச் சுவரின் முன்னால் நின்று மூன்று முறை படித்தேன். அந்தக் காரணத்தை எழுதியது அதிகாரி இல்லை, நான்.

அன்றைக்கே பஸ் பிடித்துத் தாம்பரம் போய் ஸ்ரீநிவாசனைப் பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

“நான் சொன்ன வாக்கியம் ஒண்ணே ஒண்ணு சார். அதைத் தவிர மீதியெல்லாம் எழுதியிருந்தீங்க. அந்தம்மா குடுத்தப்பவே படிச்சுட்டு, இது வேணாம், வேற வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். ‘அண்ணா யோசிச்சுதான் சார் குடுத்திருப்பாரு, இதையே வெச்சுக்குங்க’ன்னுட்டாங்க.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்து என்னிடம் இரண்டாவது முறை கேட்பதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

“இப்ப உண்மையை எழுதித் தர்றேன் சார்.”

“குடுங்க. மேல அப்பீல் போடலாம். ஆனா முதல்ல குடுத்தது பொய்னு நீங்களே ஒத்துக்கிட்டு எழுதணும். அரசாங்கத்துக்கு நோட்டரியோட குடுத்த பொய்.”

“கேஸ் வருமா சார்?”

“வரலாம். வராமலும் போகலாம். என்னால உத்தரவாதம் தர முடியாது.”

அவர் மேசையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பேனாவும் என் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அசாரின் பாஸ்போர்ட்டை நினைத்துக்கொண்டேன், கைனாத் உண்டாகியிருப்பதை நினைத்துக்கொண்டேன், எனக்கு வயது அறுபத்துமூன்று என்பதை நினைத்துக்கொண்டேன். காரணம் தேடுகிறவனுக்கு அதற்கா பஞ்சம்? பஷீராவிடம், அப்பீலுக்கு வழியே இல்லையாம் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நம்பவில்லை.

நான் யோசித்து முடிப்பதற்குள் ஜே.சி.பி. வந்துவிட்டது. தை மாதம், ஒரு புதன்கிழமை காலை. சந்து முழுக்கக் குட்டி லாரிகள். ஜனங்கள் பீரோவையும் கேஸ் சிலிண்டரையும் சாமி படத்தையும் இறக்கி ஏற்றினார்கள். அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஜீவரத்தினம் மீதியிருந்த ஒரே ஆட்டை லாரியில் ஏற்றலாமா கூடாதா என்று டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போகும்போது ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “பாய், நீ இல்லன்னா நாங்க இல்ல” என்றாள் ஒரு பெண். அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

எல்லா லாரியும் போன பிறகுதான் சுந்தர்சிங்கை இறக்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வெயில் படாமல் தலையில் துண்டு போட்டு, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர். பத்துப் படிக்கு ஒரு முறை இறக்கி வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். ரத்தினபாய் பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினாள். அவளுடைய அக்கா மகள் டெபோரா காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறாள், ஒற்றை அறையில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. அங்கேதான் போகிறார்கள். மேலே அவர்கள் வீட்டின் ஷீட் நொறுங்குகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. சுந்தர்சிங் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஷீரா என் முதுகைத் தொட்டுத் தள்ளினாள். நான் ஆட்டோவின் பக்கம் போனேன்.

“ரத்தினம்மா, மூணு மாடி அவரால ஏற முடியாது. நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. கீழ ஒரு ரூமைக் காலி பண்ணித் தர்றேன், நாங்க மாடியில இருந்துக்கறோம். எவ்ளோ நாள் வேணாலும் இருங்க.”

இதை நான் மனதாரத்தான் சொன்னேன். அப்போது எனக்குக் கேஸ் பயமும் இல்லை, பாஸ்போர்ட் பயமும் இல்லை.

அவள் சுந்தர்சிங்கின் தலைத் துண்டைச் சரி செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் துளிகூட இல்லை, எப்போதும் என்னிடம் பேசுகிற அதே குரல்.

“உங்க வீட்லதான் இருபது வருஷம் இருந்துட்டோமேண்ணா. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. காலி பண்ணிட்டோம்னும் எழுதிருக்கீங்க. காலி பண்ண வீட்டுக்கு மறுபடியும் எப்படிண்ணா வர்றது?”

நான் எழுதிக் கொடுத்ததைத்தான் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆட்டோ கிளம்பியபோது சுந்தர்சிங் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவருக்கு எதுவுமே தெரியாது, அவள் சொல்லவில்லை.